சர்வருக்கு வைக்கிற காசு: காரைக்குடியில் ஒரு நீண்ட பஞ்சாயத்து

ஏப்ரல் 5, 2025. ஒரு வாசகர் கேள்வி, கோயம்புத்தூரிலிருந்து

பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டுக் காரைக்குடியில் சாப்பிட்டோம். ஆறு பேர். சாப்பாடு 1,600 ரூபாய். அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், அதற்குமேல் ஜிஎஸ்டி, மொத்தம் 1,848. பில்லைக் கொண்டுவந்த பையன் சோம்புத் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றான். சர்வீஸுக்கென்று பில்லிலேயே எடுத்துக்கொண்டார்களே, இவனுக்கு எதற்குத் தனியாக? வைக்காமல் எழுந்து வந்தேன். வீட்டுக்காரி ஊர் போய்ச் சேரும்வரை திட்டினாள். என் கட்சி இதுதான்: சம்பளம் கொடுக்கவேண்டியவர் முதலாளி. டிப்ஸ் என்கிற பழக்கத்தையே ஒழிக்கவேண்டும். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஏப்ரல் 6

மறுக்கிறேன், பாதி மட்டும்.

முதலில் பில்லைப் பார்ப்போம். 1,600க்குப் பத்து சதவீதம் 160. இரண்டும் சேர்ந்த 1,760க்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி 88. சர்வீஸ் சார்ஜ் போடாமல் இருந்திருந்தால் 1,680தான் வந்திருக்கும். அந்த 160க்கும் சேர்த்து அரசாங்கத்துக்கு எட்டு ரூபாய் வரி கட்டியிருக்கிறீர்கள். அதே 160ஐப் பையன் கையில் கொடுத்திருந்தால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதியே சொல்லிவிட்டது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயர் சூட்டியும் வாங்கக்கூடாது, தரமாட்டேன் என்பவரை வாசலில் நிறுத்தக்கூடாது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் தடை வாங்கின. போன மாதம் 28ஆம் தேதி அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களும் ஆளுக்கு ஒரு லட்சம் கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நீங்கள் சாப்பிட்டது அதற்குப் பிறகு. ‘அந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் போடுங்கள்’ என்று உட்கார்ந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். மாட்டேன் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன்.

சரி, பையன் ஏன் நின்றான்? அந்த 160 அவன் கைக்குப் போகிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஏப்ரல் 6, இரவு

கல்லூரி முடித்த கையோடு, நிரந்தரமாக ஒரு வேலை கிடைக்கும்வரை செக்காலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஹோட்டல் இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். அங்கே கற்ற தொழில் ரகசியம் ஒன்று.

டிப்ஸ் சாப்பிடுகிறவர் மனசில் பிறப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதி கல்லாவில்தான் பிறக்கிறது. பில் 160, இருநூறு ரூபாய் நோட்டு வருகிறது. மீதி நாற்பதை இரண்டு இருபதாகக் கொடுத்தால் இரண்டும் சட்டைப் பைக்குள் போய்விடும். ஒரு இருபது, இரண்டு பத்து என்று கொடுத்தால் ஒரு பத்து தட்டில் தங்கும். சர்வர்கள் பில்லை நீட்டும்போதே மெதுவாக, ‘அண்ணே, உடைச்சுக் குடுங்க’ என்பார்கள். எனக்கும் ஒரு சர்வருக்கும் மனஸ்தாபம் என்றால் அன்றைக்கு அவர் மேசைகளுக்கு எல்லாமே இருபதாகப் போகும். சாயங்காலத்துக்குள் வழிக்கு வந்து எனக்கு ஒரு காப்பி வாங்கி வைத்துவிடுவார்.

இன்னொன்று, காசுகளைச் சோம்புக்கு அடியில் தள்ளிவைப்பது. சோம்பைக் கிளறி இரண்டு ரூபாய் தேடுகிற மனுஷர் குறைவு. வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் எடுத்துக்கொள்வார். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, ஆனால் எல்லாச் சர்வருக்கும் தெரிந்திருந்தது.

ஏப்ரல் 8

தேவகோட்டைப் பெரியவர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். வந்தவருக்கு இலை போட்ட சீமையில் காசுக்குக் கை நீட்டுவதா, செட்டிநாட்டு உபசாரத்துக்கே அவமானம் என்கிறார்.

அய்யா, உபசாரம் உங்கள் வீட்டு வளவில் நடந்தது. வெள்ளைப் பணியாரத்துக்கு இன்னொரு கரண்டி சட்னி ஊற்றிய ஆச்சி உங்களிடம் பில் நீட்டவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் அதே பணியாரத்தைத் தட்டு இவ்வளவு என்று பலகையில் எழுதி விற்கிறவர் செய்வது வியாபாரம். வியாபாரத்தில் கூலி பேசுவது இந்தச் சீமைக்குப் புதுசா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கெடுவில் போன ஏஜெண்டுக்குச் சம்பளம் தனி, லாபத்தில் தருவது தனி என்று எழுதிவைத்தவர்கள்தானே நம் ஊர்க்காரர்கள்? அதை யாரும் கை நீட்டல் என்று சொன்னதில்லை.

பெரியவர் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நகராமல் நிற்பது சரியில்லை. நான் கல்லாவில் இருந்தபோது அங்கே ஒரு மூத்த சர்வர் இருந்தார். தட்டை வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். புதுப் பையன்களிடம் சொல்வார்: ‘நீ பார்த்தால் அவன் அஞ்சு வைப்பான், பார்க்காட்டி பத்து வைப்பான்.’ மற்றவர்களைவிட அவருக்குத்தான் தட்டில் அதிகம் விழும்.

ஏப்ரல் 12

நேற்று பங்குனி உத்திரம். குன்றக்குடிக்குப் போய்விட்டு வரும் வழியில் டிபன் சாப்பிட உட்கார்ந்தேன். உட்கார இடம் கிடைப்பதே சாமி செயல் என்கிற கூட்டம். இலையில் இரண்டு இட்லி விழுந்தபோதே சர்வரைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன், இந்தப் பஞ்சாயத்து தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால்.

இடது முழங்கையிலிருந்து விரல்வரை நான்கு தோசைத் தட்டு. வலது கையில் சாம்பார் வாளி. மொட்டை போட்ட குழந்தை ஒன்று குறுக்கே ஓடியது. வாளியைத் தூக்கி, இடுப்பை வளைத்து, தட்டு ஒன்றும் சரியாமல் அதைத் தாண்டினார். யாரும் கவனிக்கவில்லை. மேசையில் ஒருவர், ‘ஏம்ப்பா, சட்னி சொல்லி எவ்வளவு நேரம்?’ என்றார்.

அப்புறம் வெளியே டீக்கடையில் அவரையே பார்த்தேன். ஒடிசாக்காரர், வயது இருபத்தைந்துக்குள் இருக்கும், தமிழ் நன்றாகவே பேசுகிறார். நாள் கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, மாடியில் எட்டுப் பேரோடு ஒரு அறை. கூலியை முதலாளி கையில் கொடுப்பதில்லை, மாதக் கடைசியில் ஊரில் அம்மா கணக்குக்குப் போட்டுவிடுகிறார். நடுவில் வாங்கிய அட்வான்ஸும் அதிலேயே பிடித்தம். ‘சம்பளம் ஊருக்கு, டிப்ஸ் எனக்கு’ என்று சிரித்தார். போனுக்கு ரீசார்ஜ், முடிவெட்டு, ஞாயிற்றுக்கிழமை சினிமா, எல்லாம் தட்டில் விழுவதிலிருந்துதான்.

கோயம்புத்தூர்க்காரரே, ஒழிக்கவேண்டும் என்கிறீர்களே, நாளைக்கே ஒழித்தால் முதலாளிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. இவர் முடி வெட்டிக்கொள்ள முதலாளியிடம் போய் நிற்கவேண்டும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவே மாட்டேன். தமிழ்நாட்டில் ஹோட்டல் வேலைக்கென்று அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி இருக்கிறது. பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் மாறும். இந்த வருஷமும் மாறியாகிவிட்டது. எத்தனை ஹோட்டலில் சர்வருக்கு அது தெரியும்? 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள், எல்லோரும் துணிக்கடைப் பெண்களை நினைத்துப் பாராட்டினோம். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருக்கும் சர்வரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 13

சின்னக் குறிப்பு. டிப்ஸாகப் பத்து ரூபாய்க் காசு வைக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2018லேயே பதினான்கு வகைக் காசும் செல்லும் என்று அறிவித்துவிட்டது. ஆனால் நம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக்கு அந்த அறிவிப்பு இன்னும் வந்து சேரவில்லை. சர்வர் அதை நாலு கடையில் நீட்டித் திட்டு வாங்கி, கடைசியில் கோயில் உண்டியலில் போடுவார். புண்ணியம் உங்களுக்கா அவருக்கா என்று ஒருவர் கேட்டார். கொப்புடையம்மனைத்தான் கேட்கவேண்டும்.

ஏப்ரல் 27

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் டல்லாஸிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருக்கிறான். இந்தக் குறிப்புகளைக் காட்டினேன். ‘மாமா, நீங்க பத்து ரூபாய்க்கு இவ்வளவு பேசறீங்க’ என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் அவன்தான் பேசினான்.

அங்கே சாப்பாட்டுக்குப் பதினைந்து சதவீதம் வைத்தால் கஞ்சன், இருபதுதான் மரியாதை. காப்பியை நாமே போய் எடுத்துவருகிற கடையிலும் திரையைத் திருப்பி, பதினெட்டா இருபதா இருபத்தைந்தா என்று கேட்கிறார்களாம், பின்னால் நிற்கிறவர் பார்த்துக்கொண்டிருக்க. ஏன் அப்படி என்றால், டிப்ஸ் வாங்குகிற வேலைக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளி கையிலிருந்து கொடுக்கவேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான். 1991இலிருந்து அந்த எண் அசையவில்லை. மற்ற வேலைகளுக்கு 7.25 டாலர், அது 2009இலிருந்து நிற்கிறது. நடுவில் இருக்கிற வித்தியாசத்தைச் சாப்பிடுகிறவர் டிப்ஸ் நிரப்பவேண்டும், நிரம்பாவிட்டால் முதலாளி நிரப்பவேண்டும் என்பது சட்டம். டெக்சாஸில் இதுதான் நடைமுறை. கலிபோர்னியா, வாஷிங்டன் மாதிரிச் சில மாநிலங்களில் இந்தக் கழிவு கிடையாது, எல்லோருக்கும் முழுக் கூலி.

அந்த வாஷிங்டன் மாநிலம் 1909இல் டிப்ஸையே சட்டம் போட்டுத் தடை செய்தது. பின்னால் வேறு சில மாநிலங்களும் தடை செய்தன. 1920களுக்குள் எல்லாம் ரத்தாகிவிட்டது. கோயம்புத்தூர்க்காரரின் கட்சிக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே ஆள் இருந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கதையின் இன்னொரு பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையான கறுப்பின மக்களை ஹோட்டலிலும் ரயிலிலும் வேலைக்கு வைத்துக்கொண்டு, கூலி சொற்பம், மீதியைப் பயணியிடம் வாங்கிக்கொள் என்று விட்டிருக்கிறார்கள். புல்மன் ரயில் பெட்டிகளின் போர்ட்டர்கள் அப்படித்தான் பிழைத்தார்கள். 1925இல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். டிப்ஸைச் சம்பளக் கணக்கில் கழித்துக்கொள்ள முதலாளியை விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவே போதும். அதனால்தான் சதவீதத்தை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள் என்கிறேன். அங்கே இருபது சதவீதம் கூலியின் பாகம். இங்கே வைக்கிற பத்து, இருபது ரூபாய் கூலிக்கு மேல். இங்கேயும் எல்லோரும் சதவீதம் வைக்க ஆரம்பித்தால், ‘உனக்குத்தான் டிப்ஸ் வருதே’ என்று முதலாளி சொல்ல எத்தனை நாள் ஆகும்?

மருமகன், கல்யாணத்துக்கு முதல் நாள் மாமன் மச்சான்களைக் கூட்டிப்போய், 2,400 ரூபாய் பில்லுக்கு ஐந்நூறு வைத்துவிட்டு வந்தான். மறுநாள் அதே ஹோட்டலுக்கு நான் போனேன். அவனைப் பற்றி விசாரித்த மரியாதையில் கால்வாசி எனக்கு இல்லை. என் தோசை கடைசியாக வந்தது.

ஏப்ரல் 28

லண்டனிலிருந்து ஒரு பள்ளத்தூர்க்காரர் எழுதுகிறார்: பிரிட்டனில் 2023இல் தனிச் சட்டமே கொண்டுவந்து, 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. டிப்ஸானாலும் சர்வீஸ் சார்ஜானாலும் முதலாளி தனக்கு எடுத்துக்கொள்ளாமல், வேலை செய்கிறவர்களுக்கு நியாயமாகப் பிரித்துத் தந்துவிடவேண்டும்.

இதுதான் எனக்குப் பிடித்த சட்டம். இங்கே நம் ஆணையம் சாப்பிடுகிறவரைக் காப்பாற்றியது. சர்வரைக் காப்பாற்ற ஒரு வரியும் காணோம்.

மே 18

பத்து நாள் முன்னால் ஒருவர் கேட்டிருந்தார், ‘கையில் நோட்டே இல்லை, எல்லாம் போனில்தான், எப்படி வைப்பது?’ பதில் சொல்லவே தோன்றவில்லை, ஏனென்றால் நானும் அதே கேஸ். மீதிச் சில்லறையே இல்லாத பில்லில் பத்து ரூபாய் எப்படித் தங்கும்? என் கல்லா வித்தையெல்லாம் யுபிஐ வந்ததோடு செல்லாக்காசாகிவிட்டது.

நேற்று ஒரு சோதனை செய்தேன். பில் 460. கல்லா மேசையில் ஒட்டியிருந்த கியூஆரில் ஐந்நூறு போட்டேன். பெட்டி ஊருக்கே கேட்கும்படி ‘ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது’ என்றது. கல்லாவில் இருந்தவரிடம், ‘நாற்பது அந்தத் தம்பிக்கு’ என்றேன். ‘குடுத்திடலாம் சார்’ என்றார். கொடுக்கவில்லை. குறித்துக்கொள்ளவும் இல்லை. நான் செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலிலேயே நின்றேன். அப்புறம் உள்ளே போய், ‘இப்பவே குடுத்திட்டா நல்லது’ என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு இருபதை எடுத்து நீட்டினார். அந்தக் கல்லாக்காரர் திருடர் என்று நான் சொல்லவில்லை. இரவு கணக்கு முடிக்கும்போது ஐந்நூறு வரவு, பில் 460, நாற்பது உபரி. அந்த உபரி யாருடையது என்று அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் உட்கார்ந்த நாற்காலி அது, எனக்குத் தெரியும்.

சர்வரின் சொந்த கியூஆருக்குப் போடலாமே என்றால், சில முதலாளிகள் வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ள விடுவதில்லை. விட்டாலும், ‘தம்பி, உன் கியூஆரைக் காட்டு’ என்று பத்து மேசை நடுவில் கேட்பது அவருக்கும் கூச்சம், நமக்கும் கூச்சம்.

நான் இப்போது பர்சில் பத்து ரூபாய் நோட்டாக ஒரு சின்னக் கட்டு வைத்துக்கொள்கிறேன். ஏடிஎம்மில் அது வராது. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஐந்நூறு கொடுத்து மாற்றிக்கொள்கிறேன். அவருக்கும் சில்லறை தேங்கித்தான் கிடக்கிறதாம்.

ஜூன் 8

வைகாசி முகூர்த்தம். கல்யாணப் பந்தியிலும் டிப்ஸ் உண்டா என்று புதுக்கோட்டை நண்பர் கேட்டது நினைவுக்கு வந்தது.

முன்பெல்லாம் பந்தி விசாரிக்கிறது பங்காளிகள் வேலை. ‘அங்கே இன்னும் சாதம் வரலே பாரு’ என்று சத்தம் போட்டுக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி நடப்பார்கள். சொந்தக்காரனுக்கு எவன் டிப்ஸ் வைப்பான்? இப்போது ஒரே நிறச் சட்டை போட்ட கேட்டரிங் பையன்கள். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள், ஒரு முகூர்த்தத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். இன்றைக்கு எனக்குப் பரிமாறிய பையன் கவுனி அரிசியை இலையின் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அப்பளத்தின் மேலேயே வைத்தான். பக்கத்து இலை ஆச்சி, ‘இப்படி வை அப்பு’ என்று காட்டிக்கொடுத்தார். பொறியியல் மூன்றாம் வருஷமாம்.

பந்தியில் தனியாகக் காசு வைக்கவேண்டாம் என்பது என் கருத்து. வைத்தால் அடுத்த இலைக்காரருக்குத் தர்மசங்கடம், மொய் எழுதுகிற இடத்தை மாற்றிவிட்ட மாதிரி ஆகிவிடும். சமையல் ஆட்களையும் பரிமாறினவர்களையும் கவனிக்கவேண்டியவர் கல்யாண வீட்டுக்காரர். எல்லாம் முடிந்ததும் சமையல்காரரைக் கூப்பிட்டு, பேசிய தொகைக்கு மேல் வெற்றிலை பாக்கோடு ஒரு தொகை வைத்துக் கொடுக்கிற வழக்கம் நல்ல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை கேட்டரிங் உரிமையாளரோடு நின்றுவிடுகிறதா, பொறியியல் பையன்வரை போகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஜூன் 10

பந்தியைப் பற்றி எழுதும்போது ஒன்று உறுத்தியது. கையில் கொடு, கையில் கொடு என்றே இவ்வளவு நாள் பேசிவிட்டேன். கை தெரிகிறவருக்குச் சரி. இலை எடுக்கிற அம்மா?

நான் கல்லாவில் இருந்த ஹோட்டலில் இலை எடுக்க ஒரு அம்மா இருந்தார். சாப்பிட்டவர் எழுந்த பிறகுதான் அவர் மேசைக்கு வருவார். அதற்குள் தட்டுக் காசு சர்வர் பைக்குப் போயிருக்கும். மதியம் ஒரு மணிக்கு அவர் எவ்வளவு வேகமாக இலையைச் சுருட்டித் துடைக்கிறாரோ அவ்வளவு வேகத்தில்தான் சர்வருக்கு அடுத்த டிப்ஸ். பாத்திரம் கழுவுகிறவர், அம்மியிலும் கிரைண்டரிலும் மசாலா அரைக்கிறவர், யாருக்கும் தட்டு நீளாது. சில சர்வர்கள் சாயங்காலம் அந்த அம்மாவுக்கு டீயும் வடையும் வாங்கித் தருவார்கள். தராதவர்கள் மேசை மெதுவாகத்தான் துடைபடும். அவருக்கும் அவர் வித்தை இருந்தது.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை விடுதியாக்கிய ஒரு இடத்தில் வேலை பார்க்கிற பெண் எனக்குத் தெரிந்தவர், அடுப்படியில் இருக்கிறார். அங்கே வரவேற்பு மேசையில் ஒரே பெட்டி. வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பும்போது அதில்தான் போடுவார்கள். மாதம் ஒருமுறை திறந்து தோட்டக்காரர்வரை எல்லோருக்கும் பங்கு. ‘எங்களை யாரு பார்க்கிறா? பெட்டி இருக்கிறதாலதான் எங்களுக்கும் வருது’ என்றார். பெட்டியை யார் திறக்கிறார்கள் என்று கேட்டேன். மேனேஜரோடு வேலைக்காரர்களில் இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணி, நோட்டில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுவார்களாம்.

அந்த நோட்டுத்தான் விஷயம். நம் நகரத்தார் வட்டிக்கடைகளில் கோயிலுக்கென்று மகமை எடுத்தார்கள். அதைச் சொந்த வரவோடு கலக்காமல் தனிக் கணக்காக எழுதினார்கள். அந்தப் பணம் தன்னுடையது இல்லை என்பது பேரேட்டிலேயே தெரியும். டிப்ஸ் பெட்டிக்கும் அதே ஒழுங்கு இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. முதலாளியின் லாக்கருக்குள் போய்விட்டு வருகிற பெட்டி என்றால், பழையபடி கையில்தான்.

ஜூன் 22

கேள்வி: கணவர் பரிமாறுகிறார், மனைவி சமைக்கிறார், வீட்டுத் திண்ணையே மெஸ். டிப்ஸ் வைப்பதா?

வேண்டாம். முதலாளிக்கு யாராவது டிப்ஸ் வைப்பார்களா? நான் ஒருமுறை கழனிவாசல் பக்கம் அப்படி ஒரு மெஸ்ஸில் இருபது ரூபாய் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் வாசல்வரை வந்து கையில் திணித்தார். ‘சாப்பாடு பிடிச்சிருந்தா நாளைக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க.’ அங்கே பாத்திரம் கழுவ ஒரு பாட்டி இருந்தார், அவருக்குக் கொடுத்திருந்தால் அவர் தடுத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

உப்புக்கறி அங்கே அருமை. முகவரி கேட்காதீர்கள், கூட்டம் சேர்ந்தால் எனக்கு இடம் கிடைக்காது.

ஜூலை 7

மருமகன் போன் செய்தான். அமெரிக்காவில் 4ஆம் தேதி கையெழுத்தான புதுச் சட்டத்தில், டிப்ஸ் வருமானத்தில் வருஷத்துக்கு 25,000 டாலர்வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், 2025 முதல் 2028 வரைக்கும். ‘பாத்தீங்களா, அரசாங்கமே சர்வர் பக்கம்’ என்றான். வரி கட்டுகிற அளவுக்கு வருமானமே இல்லாத சர்வருக்கு இதில் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். 2.13ஐ ஏற்றியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

நம் ஊரில் இந்த வரிப் பேச்சு வேறு மாதிரி வழக்காக வந்தது. பெரிய ஹோட்டல்களில் கார்டில் தருகிற டிப்ஸை ஹோட்டல் வசூலித்து ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அதைச் சம்பளமாகக் கணக்கிட்டு ஹோட்டல் வரி பிடித்திருக்கவேண்டும் என்று வருமான வரித் துறை சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அது வாடிக்கையாளர் தருவது, முதலாளி கொடுக்கிற சம்பளம் ஆகாது, அதனால் ஹோட்டல் அதில் வரி பிடிக்கவேண்டியதில்லை என்றது. வரித் தகராறில் சொன்னதுதான், ஆனாலும் ‘உனக்குத்தான் டிப்ஸ் வருதே, சம்பளம் எதற்கு’ என்கிற முதலாளியிடம் இதைப் படித்துக் காட்டலாம்.

ஆகஸ்ட் 30

கோயம்புத்தூர்க்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி வந்தாராம். வேறு ஹோட்டலில் சாப்பிட்டாராம். அங்கே சர்வீஸ் சார்ஜ் இல்லை, தட்டில் முப்பது ரூபாய் வைத்தாராம். ஆனால் கட்சி மாறவில்லை: ‘சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிற ஹோட்டலில் டிப்ஸ் எதற்கு என்றுதான் இன்னும் கேட்கிறேன்.’ நல்ல கேள்வி. அப்படி ஒரு ஹோட்டலைக் காட்டினால் வைக்காமல் எழுந்து வருவதற்கு நானும் கூட வருகிறேன்.

அவரே கேட்ட உபகேள்வி: பார்சலுக்கு?

பார்சல் கட்டுகிறவர் நம் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு கையால் கவரை விரித்துச் சாம்பாரை ஊற்றி, வாயைச் சுழற்றி, நூலை நாலு சுற்றுச் சுற்றிப் பல்லால் அறுத்துப் போடுகிற வேகத்தில் பார்க்க நேரம் எங்கே? போன வாரம் ஒருவரிடம் பத்து ரூபாய் நீட்டினேன். ‘பில் கட்டிட்டீங்களே சார்?’ என்றார். உங்களுக்குத்தான் என்றேன். கை முழுக்கச் சட்னி, வாங்க முடியவில்லை. சட்டைப் பையைக் காட்டினார். போட்டுவிட்டு, இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் பின்னால் நின்றவர், ‘உங்களுக்கு முதல்ல கட்டச் சொல்லத்தானே குடுக்கறீங்க?’ என்று சண்டைக்கு வந்துவிட்டார். அதனால் பார்சலுக்கு வைப்பதாக இருந்தால் பொட்டலம் கைக்கு வந்த பிறகு வையுங்கள்.